ஓட்டுநர் இல்லாத காரும் கிராசிங் ஓரத்தில் நிற்கும் ஆளும்: வழி யாருக்கு?

தேன்மொழி_ஓக்லாந்து

சான் பிரான்சிஸ்கோவில் சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்குகளைப் பற்றித்தான் கேள்வி. கெர்ப் (நடைபாதை விளிம்பு) ஓரத்தில் ஆள் காத்து நிற்கும்போது ரோபோடாக்ஸி, அதாவது ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார், சில நேரம் நிற்கிறது, சில நேரம் வேகம் குறையாமலே போய்விடுகிறது. மனிதர் ஓட்டும் காரும் அப்படித்தான் என்பது தெரியும். ஆனால் மென்பொருளுக்கு அவசரமும் கிடையாது, கவனச்சிதறலும் கிடையாது. அப்புறம் ஏன் இந்த வேறுபாடு? சட்டம் சரியாக என்ன கேட்கிறது, கார் எதைப் பார்த்து முடிவு செய்கிறது, இரண்டும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சட்டப்புள்ளி

கலிஃபோர்னியா வாகனச் சட்டம், பிரிவு 21950. கோடு போட்ட கிராசிங்கிலோ, சந்திப்பில் கோடு போடாத கிராசிங்கிலோ சாலையைக் கடக்கிற பாதசாரிக்கு ஓட்டுநர் வழி விட வேண்டும். கோடு போடாத கிராசிங் என்றால் என்ன என்று பலருக்கும் தெரிவதில்லை. இரண்டு சாலைகள் ஏறத்தாழ செங்கோணத்தில் சந்திக்கும் இடத்தில், நடைபாதையைச் சாலைக்குக் குறுக்கே நீட்டிப் பார்த்தால் வருகிற பட்டைதான் அது. பிரிவு 275 அப்படித்தான் வரையறுக்கிறது. தரையில் பெயின்டே இல்லாவிட்டாலும் அது கிராசிங்தான்.

அதே 21950-இல் பாதசாரிக்கும் ஒரு கடமை உண்டு. மிக அருகில் வந்துவிட்ட வாகனத்தின் முன் திடீரென்று இறங்கக் கூடாது. ஆனால் அந்த வரி ஓட்டுநரின் கவனக் கடமையைக் குறைக்காது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. இன்னொரு உட்பிரிவு, கிராசிங்கில் இருக்கும் பாதசாரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது மோதாமல் விலகிப் போய்விட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது.

உங்கள் கேள்விக்கு நேரான சிக்கல் 'கடக்கிற' என்ற சொல்லில் இருக்கிறது. கெர்பில் நிற்பவர் கடக்கிறாரா, இல்லையா? சட்ட வாசகம் மட்டும் வைத்துப் பார்த்தால் வாதத்துக்கு இடம் உண்டு. டி.எம்.வி. (மாநில மோட்டார் வாகனத் துறை) ஓட்டுநர் கையேடு இதை வேறு விதமாகத் தீர்க்கிறது: பாதசாரி உங்கள் கண்ணைப் பார்த்தால் அவர் கடக்கத் தயார், வழி விடுங்கள் என்கிறது. மனித ஓட்டுநருக்கு எழுதிய விதி இது. ஸ்டியரிங் பின்னால் ஆள் இல்லாத காரில் பாதசாரி யார் கண்ணைப் பார்ப்பார்?

பிரேக்_மணி

சட்டத்துக்குப் பக்கத்தில் தூரக் கணக்கையும் வையுங்கள், பாதி விளங்கிவிடும்.

மணிக்கு 25 மைல் என்பது நொடிக்கு 11.2 மீட்டர். உள்ளே இருக்கும் பயணி முன்னால் சாயாமல் மெதுவாக நிற்க, 2.5 மீ/நொடி² அளவில் பிரேக் போட்டால் 25 மீட்டர் வேண்டும். உணர்ந்து முடிவெடுக்க அரை நொடி, அதில் 5.6 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 31 மீட்டர். முழு பலத்தில், 7 மீ/நொடி² போட்டு, தாமதத்தை 0.3 நொடி என்று எடுத்தால் 12 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடலாம்.

இந்த 31-க்கும் 12-க்கும் நடுவில்தான் பிரச்சினை முழுக்க. இந்த இடைவெளியில் கார் இருக்கும்போது கெர்பில் நிற்பவர் இறங்குவார் என்று மென்பொருள் உறுதியாக நினைத்தால், அழுத்திப் பிரேக் போட வேண்டும். நினைக்காவிட்டால் போய்விடலாம். 31 மீட்டருக்கு முன்பே 'இவர் கடக்கப் போகிறார்' என்று எடுத்துக்கொண்டால் பயணிக்கு ஒரு குலுக்கலும் இல்லை. ஆகவே நிற்பதும் நிற்காததும் பிரேக்கின் திறமையைப் பொறுத்தது அல்ல. மூன்று நொடிக்கு முன்னால் எடுக்கும் ஊகத்தைப் பொறுத்தது.

பார்க்கிங் வரிசை உள்ள சாலையில் இன்னொரு கணக்கு. கெர்புக்கும் கார் ஓடும் லேனுக்கும் நடுவில் 2.4 மீட்டர் பார்க்கிங் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நொடிக்கு 1.4 மீட்டர் நடந்தால் லேன் ஓரத்துக்கு வர 1.7 நொடி. அதற்குள் கார் 19 மீட்டர் வந்துவிடும். 25 மீட்டரில் இருந்த கார் இப்போது 6 மீட்டரில். அவர் கால் கீழே பட்ட கணமே உணர்ந்து, 0.3 நொடியில் பிரேக் தொடங்கியிருந்தால் 2.9 மீ/நொடி² போதும், பஸ் நிற்பது மாதிரிதான். லேனுக்குள் வந்த பிறகு தொடங்கினால் எந்தப் பிரேக்கும் போதாது.

மேப்_முருகு

மணி சொன்ன 'ஊகம்' எப்படி நடக்கிறது என்று சொல்றேன்.

ரோபோடாக்ஸி ஓட்டும் வேமோ நிறுவனத்தின் ஐந்தாம் தலைமுறை ஜாகுவார் ஐ-பேஸ் காரில் 29 கேமரா, 5 லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி), 6 ரேடார். ஆறாம் தலைமுறையில் 13 கேமரா, 4 லைடார், 6 ரேடார். இவ்வளவு கண்ணு இருக்கும்போது 'ஆளைப் பார்க்கவே இல்லை' என்பது அபூர்வம். பார்த்த பிறகுதான் வேலையே. முதலில் இது ஆளா, சைக்கிளா, கம்பமா என்று வகை பிரிக்கணும். அடுத்து ஒரே ஆளைப் பிரேமுக்குப் பிரேம் தொடர்ந்து பிடிக்கணும். பிறகு அடுத்த சில நொடிகளில் அவர் போகக்கூடிய பல பாதைகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பளவு கொடுக்கணும். அந்தப் பாதைகளில் எது நம்ம காரின் பாதையோடு வெட்டுது, அதன் வாய்ப்பு வரம்பைத் தாண்டுதா என்று பார்த்துத்தான் நிற்பதா போவதா என்று தீர்மானம்.

அந்த வரம்பு ஒரு எண். அதைக் குறைவாக வைத்தால் பஸ்ஸுக்கு நிற்பவர், போன் பேசுபவர், கடை வாசலில் அரட்டை அடிப்பவர் எல்லாருக்கும் கார் நின்று நின்று போகும், பின்னால் வருபவன் இடிப்பான். உயர்த்தினால் உண்மையில் கடக்க நிற்பவரைத் தாண்டிப் போகும். உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, தலை எங்கே பார்க்குது, கால் கெர்ப் விளிம்பில் இருக்கா, முந்தின இரண்டு நொடியில் நடந்து வந்து நின்றாரா, வெகுநேரமா நிற்கிறாரா, இதெல்லாம் அந்த வாய்ப்பளவை ஏற்றி இறக்கும்.

இதில் மேப்புக்கும் பங்கு உண்டு. கிராசிங்கை மேப்பில் ஒரு பலகோணமா வரைவாங்க. அந்தப் பலகோணம் கெர்போட நின்றுவிட்டால், காத்து நிற்பவர் 'நடைபாதையில் இருக்கும் ஆள்' மட்டும்தான். கெர்ப் ராம்ப்பையும் அதற்குப் பின்னால் ஒன்றிரண்டு மீட்டரையும் 'காத்திருக்கும் இடம்' என்று சேர்த்தால் அதே ஆளுக்கு வேறு மதிப்பு. சட்டப்புள்ளி சொன்ன கோடில்லாத கிராசிங்கை மேப்பில் யாரும் வரையலைன்னா, காரைப் பொறுத்தவரை அது வெறும் சாலை. சாலை வேலைக்காகக் கிராசிங்கை 10 மீட்டர் தள்ளி வைத்தாலும் இதே கதை.

ஒரு சுழல் சிக்கலும் இருக்கு. கார் தயங்கி மெதுவா ஊர்ந்தால், பாதசாரி 'இது நிற்காது போல' என்று பின்வாங்குவார். அவர் பின்வாங்கியதைப் பார்த்து கார் 'கடக்க மாட்டார்' என்று கணக்குப் போட்டுப் போகும். பயந்து ஒதுங்கினவரை விருப்பம் இல்லாதவர் என்று பதிவு பண்ணுது. அந்தத் தரவிலேயே அடுத்த மாடலைப் பயிற்றினால் பழக்கம் இறுகிப் போகும். இதை வெறும் டியூனிங் பிழை என்று விட்டுவிடக் கூடாது.

வடலி

லண்டன் பக்க விதியையும் ஒருக்கா பாருங்கோ. இங்க ஹைவே கோட் எண்ட சாலை விதிப் புத்தகத்தின்ர 195ஆம் விதிப்படி, ஆள் வரிக்கடவையில கால் வைச்சிட்டால் வாகனம் கட்டாயம் வழி விடவேணும். காத்து நிக்கிறவருக்கும் விடவேணும் எண்டு அறிவுரை. 2022 ஜனவரி 29இல வந்த எச்2 விதி அதைச் சந்திகளுக்கும் நீட்டினது: திரும்புற வாகனம், அந்தத் தெருவைக் கடக்கக் காத்து நிக்கிற ஆளுக்கு வழி விடவேணும். அதோட கடவைக்கு ரெண்டு பக்கமும் வளைஞ்சு வளைஞ்சு வெள்ளைக் கோடு போட்டிருப்பினம். அதுக்குள்ள வாகனம் நிறுத்தவும் ஏலாது, முன்னுக்குப் போற வாகனத்தை முந்தவும் ஏலாது. ரெண்டு கரையும் திறந்த வெளி. மஞ்சள் பூகோளம் மாதிரி விளக்கு ஒண்டும் மினுங்கும்.

என்ர வாதம் இதுதான். 'காத்து நிக்கிறவர்' எண்ட சொல்லை விதியிலயே வைச்சால், மென்பொருள் எழுதிறவருக்கு வரம்பை ஊகிக்கிற வேலை குறையும். கடவை வாயில நிக்கிற ஆளைக் கடக்க வந்தவராய்த்தான் எடுக்கவேணும், இல்லையெண்டு நிரூபிக்கிற பொறுப்பு காருக்கு. 2024இல இங்க நிறைவேறின தானியங்கி வாகனச் சட்டம் 'கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநர்' அளவுக்கெண்டாலும் பாதுகாப்பு இருக்கவேணும் எண்டு சொல்லுது. சராசரி ஓட்டுநர் எண்டு அது சொல்லேல்லை, கவனிச்சுக்கொள்ளுங்கோ.

தேன்மொழி_ஓக்லாந்து

முருகு, ஊபர் சோதனை வண்டி மோதி டெம்பியில் நடந்த மரணம் கிராசிங்குக்கு வெளியே நடந்ததுதானே? அதிலும் இந்த 'கிராசிங் இருந்தால்தான் கடப்பார்' என்கிற எண்ணம் இருந்ததா?

மேப்_முருகு

இருந்தது. நேரடியாகவே இருந்தது.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி, மில் அவென்யூ. ஊபரின் சோதனை வண்டி, வால்வோ எக்ஸ்சி90. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்த பெண் இறந்தார். பக்கத்துக் கிராசிங் 360 அடி தள்ளி. ஆனால் சாலை நடுத்திட்டில் செங்கல் பாவின நடைவழி மாதிரி ஒன்று இருந்தது, அங்கேயே 'கடக்காதே' பலகையும் இருந்தது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2019 அறிக்கையில் நொடி நொடியாக இருக்கு. மோதலுக்கு 5.6 நொடி முன்பே ரேடார் பிடித்துவிட்டது. அதன்பின் அந்த உருவம் ஒருமுறை வாகனம், ஒருமுறை 'மற்றவை', ஒருமுறை சைக்கிள் என்று மாறி மாறி வகைப்பட்டது. வகை மாறும்போதெல்லாம் அதுவரை சேர்த்த நகர்வு வரலாற்றை மென்பொருள் தூக்கிப் போட்டது. வரலாறு இல்லைன்னா வேகமும் திசையும் தெரியாது, ஒவ்வொரு முறையும் அப்போதுதான் தோன்றின, அசையாத பொருள் மாதிரி. கிராசிங்குக்கு வெளியே நடக்கும் ஆளுக்குச் 'சாலையைக் கடப்பது' என்ற இலக்கைக் கொடுக்கவே அந்த வடிவமைப்பில் வழி இல்லை.

1.2 நொடி இருக்கும்போது ஆபத்து என்று உணர்ந்தது. தேவையில்லாத திடீர் பிரேக்கைத் தடுக்க ஒரு நொடி நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருந்தது, அந்த ஒரு நொடியும் போனது. 0.2 நொடியில் எச்சரிக்கை ஒலி. மோதும்போது மணிக்கு 39 மைல். வால்வோ கம்பெனி தானே வைத்த அவசரப் பிரேக், கணினி ஓட்டும்போது அணைக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க உட்கார்ந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதன்மைக் காரணமாக வாரியம் சொன்னது அதை. ஆனால் நிறுவனத்தின் பாதுகாப்பு மதிப்பீட்டுக் குறைபாட்டையும் சேர்த்துத்தான் சொன்னது.

வகைக்கும் வழியுரிமைக்கும் முடிச்சுப் போட்டதுதான் அங்கே அடிப்படைத் தப்பு. சாலையில் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் ஏதோ குறுக்கே வருது என்றால், அது என்னவென்று தெரியும் வரை காத்திருக்காமல் வேகத்தைக் குறைக்கணும். பெயர் பிறகு வைக்கலாம்.

நடுவழி_நந்தன்

எல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கத் தராசா போகுது. வேமோ வண்டிகள் 2025 ஜனவரி வரை ஓட்டுநர் இல்லாமல் ஓடிய 56.7 மில்லியன் மைல்களை அதே ஊர்களின் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்ட ஆய்வில், பாதசாரி காயப்படும் விபத்து 92% குறைவு. எழுதியவர்கள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள்தான், ஆனால் சக ஆய்வாளர் பரிசீலித்து இதழில் வந்தது. தெருவில் நடக்கிறவனுக்கு இதைவிட முக்கியமான எண் எது?

சட்டப்புள்ளி

நந்தன், அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. உயிர் முதலில், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது மோதலைத்தான் எண்ணுகிறது. வழி விட்டதை எண்ணுவதில்லை.

ஒரு கிராசிங்கில் நூறு கார் நிற்காமல் போகிறது, நூறு முறையும் பாதசாரி ஒதுங்கி நின்று தப்பிக்கிறார் என்றால் காயம் பூஜ்யம். கோலூன்றி நடக்கும் பாட்டிக்கு அந்தக் கிராசிங் இல்லாதது மாதிரிதான். 2021 ஜூனில் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் போட்ட நிலையாணை மோதல்களை அறிக்கையிடச் சொல்கிறது. டி.எம்.வி.யின் 'மனிதர் கட்டுப்பாட்டை எடுத்த' அறிக்கை சோதனை அனுமதிக்கு உரியது. வழி விடாமல் போன எண்ணிக்கை இரண்டிலும் கிடையாது. நிறுவனத்திடம் ஒவ்வொரு கிராசிங்கின் பதிவும் இருக்கிறது. முருகு சொன்ன அந்த வரம்பு எண்ணை வைப்பவர்கள், அதனால் எத்தனை பேர் கெர்பிலேயே நின்றார்கள் என்பதையும் வெளியிடட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

அபராதமும் இதுவரை சிக்கல். கலிஃபோர்னியாவில் ஓட்டும் குற்றத்துக்கான சீட்டு ஓட்டுநரின் பெயரில் எழுதுவது. ஓட்டுநர் இல்லையென்றால் சீட்டும் இல்லை. 2025 செப்டம்பரில் சான் புரூனோ போலீஸ், தவறாக யூ-டர்ன் எடுத்த ஆளில்லா காரை நிறுத்திவிட்டு, சீட்டு எழுத வழியில்லாமல் நின்றது. ஏ.பி. 1777 என்ற மாநிலச் சட்டம் 2026 ஜூலை 1 முதல் உற்பத்தியாளருக்கே 'விதிமீறல் அறிவிப்பு' கொடுக்க வழி செய்கிறது.

பிரேக்_மணி

மோதலுக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் இதே பட்டியலில் சேர்க்கணும். 2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ, ஐந்தாம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடம். பாதசாரி சிகப்பில் கிராசிங்குக்குள் இறங்கினார். மனிதர் ஓட்டிய கார் அவரை அடித்து, பக்கத்து லேனில் வந்த குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா வண்டியின் முன் தள்ளியது. குரூஸ் பிரேக் போட்டது, ஆனாலும் அவர் மேல் மோதித்தான் நின்றது. அதுவரை மனிதரைவிட மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் மோதலைப் பக்கவாட்டு இடி என்று தப்பாக வகை பிரித்ததால் 'ஓரம் கட்டு' என்ற நடைமுறை தொடங்கி, வண்டிக்கு அடியில் ஆள் இருக்கும்போதே ஏறக்குறைய 20 அடி இழுத்துப் போனது. இடப்பக்கக் கேமராவில் கால்கள் தெரிந்திருக்கு, ஆள் என்று பிடிபடலை. அக்டோபர் 24 அன்று டி.எம்.வி. அனுமதியை நிறுத்தியது, நவம்பரில் 950 வண்டிகளுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பு).

முன்னால் இருந்த ஆள் திடீரென்று 'மறைந்தால்', அவர் வண்டிக்கு அடியில் இருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு அசையாமல் நிற்பது. இதைவிட எளிய விதி இருக்க முடியாது.

வடலி

மறைஞ்சு நிக்கிற ஆளுக்கு என்ன செய்யிறது? வானுக்குப் பின்னாலயிருந்து வாற பிள்ளை?

பிரேக்_மணி

அங்கே சென்சார் எண்ணிக்கை உதவாது, லைடாரும் வானை ஊடுருவாது. வானின் வெளி ஓரத்துக்கும் காரின் பாதைக்கும் 1 மீட்டர் இடைவெளி, பிள்ளை நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறது என்றால், தெரிவதற்கும் லேனுக்குள் வருவதற்கும் 0.33 நொடி. 25 மைலில் அதற்குள் கார் 3.7 மீட்டர் போகும், நிற்க 12 வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு முன்பே இறங்கியிருந்தால் 2.5 மீட்டர் அளவில் நிற்கலாம். மறைவிடத்தில் ஒரு ஆள் இருப்பதாகவே வைத்து ஓட்டுவது ஒன்றே வழி.

தெருவும் கைகொடுக்கணும். ஏ.பி. 413 என்ற கலிஃபோர்னியா சட்டப்படி கிராசிங்குக்கு வண்டி வரும் பக்கத்தில் 20 அடிக்குப் பார்க்கிங் கூடாது. கெர்ப் வெளியே நீட்டியிருந்தால் 15 அடி. 2025 ஜனவரி 1 முதல் அபராதம். வடலி சொன்ன வளைகோடு செய்யும் வேலையை இங்கே இந்த 20 அடி செய்கிறது.

பல லேன் சாலையில் பிரிவு 21951 மறக்க வேண்டாம். ஒரு கார் கிராசிங்கில் ஆளுக்காக நின்றால் பின்னால் வருவது அதைத் தாண்டிப் போகக் கூடாது. ரோபோடாக்ஸி நின்று, அடுத்த லேனில் மனிதர் பறந்து வந்தால், நின்ற காரே பாதசாரியை மறைக்கும் திரையாகிவிடும். வேமோ தன் கூரைக் குமிழில் பின்னால் வருபவருக்குப் பாதசாரிச் சின்னம் காட்டுவது இதற்குத்தான், நல்ல ஏற்பாடு. கோட்டை ஒட்டி நிற்காமல் 5, 6 மீட்டர் முன்பே நின்றால் இன்னும் நல்லது, பாதசாரிக்கு அடுத்த லேன் தெரியும்.

சட்டப்புள்ளி

கூரைச் சின்னம் பார்வையற்றவருக்குப் பயன்படாது. பிரிவு 21963: வெள்ளைக் கோல் வைத்திருப்பவருக்கோ வழிகாட்டி நாயோடு வருபவருக்கோ வழி விடாத ஓட்டுநர் செய்வது வெறும் போக்குவரத்து மீறல் இல்லை, குற்ற வழக்கு. அவர்கள் காதால்தான் வண்டியை அளக்கிறார்கள். மின் வண்டிகள் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்ற கூட்டரசு விதி அதனால்தான். கோலைத் தனியாக அடையாளம் கண்டு, வரம்பு பார்க்காமல் நிற்கும்படி எழுதுவது கடினமான காரியமும் இல்லை.

தேன்மொழி_ஓக்லாந்து

அப்படியானால் நிறுவனம் எண்ணைத் தரும்வரை நாமே எண்ணலாமா? பள்ளி வாசல் கிராசிங் ஒன்றில் இரண்டு மணி நேரம் நின்று, பாதுகாப்பாக?

பிரேக்_மணி

எண்ணலாம். போலீஸ் மப்டியில் நடத்தும் கிராசிங் சோதனைக்கு ஒரு முறை இருக்கு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் விளக்கு நேரம் கணக்கிடும் சூத்திரம்: 1 நொடி எதிர்வினை, 10 அடி/நொடி² பிரேக். 25 மைல் சாலையில் 104 அடி, 30 மைலில் 141 அடி. கிராசிங் கோட்டிலிருந்து டேப் பிடித்து அளந்து, அந்த இடத்தில் நடைபாதையில் ஒரு கோன் வையுங்கள் அல்லது விளக்குக் கம்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கார் அந்தக் குறியைத் தொடுவதற்கு முன்பே ஆள் கெர்ப் விளிம்பில், காரைப் பார்த்து நிற்க வேண்டும். குறியைத் தாண்டிய பிறகு வந்து நின்றால் அந்தக் காரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கு நியாயமான தூரம் இல்லை. பார்க்கிங் வரிசை இருக்கும் இடத்தில் ஒரு காலைக் கீழே வைக்கலாம், லேன் ஓரம் வரை போகவே கூடாது. கார் முழுதாக நின்ற பிறகுதான் நடப்பது. இரண்டாம் ஆள் எழுதட்டும், மூன்றாம் ஆள் குறியருகே நின்று கை தூக்கிக் காட்டட்டும். பிள்ளைகளை இதில் நிறுத்த வேண்டாம்.

தாளில் மூன்றே கட்டம் போதும்: நின்றது, வேகம் குறைத்துப் போனது, குறையாமல் போனது. மனிதர் ஓட்டும் காரையும் அதே தாளில் தனி வரிசையில் எழுதுங்கள், ஒப்பிட அது இல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. பகலில் ஒரு முறை, விளக்கு போட்ட பிறகு ஒரு முறை.

நடுவழி_நந்தன்

காத்து நிற்கும் ஆளின் நிலையையும் மாற்றிப் பார்க்கணும். சாலையைப் பார்த்து, போனைப் பார்த்து, குழந்தை வண்டியோடு, குடையோடு. எதில் கார் நிற்கலை என்று தெரிந்தால்தான் முருகு சொன்ன வரம்பு எங்கே நிற்குது என்று தெரியும். குறைந்தது ஒவ்வொன்றுக்கும் முப்பது கார்.

சட்டப்புள்ளி

சரியான யோசனை. நிற்காத ஒவ்வொன்றுக்கும் நாள், நிமிடம் வரை நேரம், சந்திப்பின் பெயர், கார் போன திசை, நம்பர் பிளேட், ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருந்தாரா, கோடு போட்ட கிராசிங்கா என்று எழுதுங்கள். அவ்வளவும் இருந்தால் நிறுவனத்தின் பதிவில் அந்த நொடியைத் தேடி எடுக்க முடியும். ஓட்டுநரில்லா வண்டிக்கான அனுமதி டி.எம்.வி. கையில், பயணி ஏற்றும் அனுமதி மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் கையில். ஒரே தாளை இரண்டு இடத்துக்கும், நகரப் போக்குவரத்துத் துறைக்கும் அனுப்புங்கள்.

தேன்மொழி_ஓக்லாந்து

நன்றி. சிக்னல் இல்லாத, 25 மைல், பார்க்கிங் வரிசை உள்ள கிராசிங்காகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். டேப் 104 அடிக்குப் போதாது, 50 அடி டேப்பை இரண்டு முறை பிடித்து மிச்சம் 4 அடி அளக்கலாம் இல்லையா?

பிரேக்_மணி

தாராளமாக. ஒவ்வொரு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அரை அடி பிசகினாலும் பரவாயில்லை. அளப்பது கெர்ப் ஓரமாகவே, நடைபாதை மேலே நின்றுதான்.